சல்யூட் எல்லாம் சரி, கோப்பில் கையெழுத்து எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சு முடிச்சதும் உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவுல போடுங்க. குறிப்பா உங்க தெருவுல பட்டாளத்துல இருந்து வந்தவர் யாராவது இருந்தா, அவர் வீட்டுக்குப் போய்ப் படிச்சுக் காட்டுங்க.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 7 கொடிநாள். 1949-லிருந்து நாடு முழுக்கக் கடைப்பிடிக்கிறோம். அன்னைக்கு அமைச்சர் சட்டையில சின்னதா ஒரு கொடி குத்துவாங்க. அவர் உண்டியல்ல பணம் போடுவார், கேமரா மின்னும். அடுத்து குடியரசு தினம், அதுக்கப்புறம் சுதந்திர தினம். வயசான முன்னாள் படைவீரரை மேடைக்கு அழைச்சுப் பொன்னாடை போர்த்துவாங்க. தேர்தல் வந்துட்டா கேட்கவே வேண்டாம், சிப்பாய் படம் போட்ட பேனர் கட்டுவாங்க. 2019 மார்ச் மாதம் தேர்தல் ஆணையமே, "பிரச்சாரத்தில் படைவீரர்களின் படத்தைப் பயன்படுத்தாதீர்கள்" என்று எல்லாக் கட்சிகளுக்கும் அறிவுரை அனுப்ப வேண்டிய நிலைமை வந்துச்சு.

இவ்வளவு மரியாதை செய்கிற ஆட்சியாளர்கள் இருக்கிற நாட்டில, முன்னாள் படைவீரர் ஏன் வெயில்ல உட்கார்ந்து உண்ணாவிரதம் இருக்கணும்? ஏன் கோர்ட் வாசல்ல பல வருஷம் நிக்கணும்?

படைவீரர்களுக்காகக் குரல் கொடுக்கும் தலைவர் யார் என்பதை மேடைப் பேச்சை வைத்து முடிவு செய்யாதீங்க. மூணே மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று: தேவையான பணத்தை ஒதுக்கினாரா?
இரண்டு: சொன்ன தேதியில் கொடுத்தாரா?
மூன்று: கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்த பிறகு, அதை எதிர்த்து மேல்முறையீடு போனாரா?

இந்த மூணு கேள்வியையும் வைத்து, நம்மை மாறி மாறி ஆண்டவர்களை ஒரு முறை அளந்து பார்ப்போம்.

🔴 முதல் கேள்வி: பணம்

"ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்." கேள்விப்பட்டிருப்பீங்க. விஷயம் ரொம்ப எளிது. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இரண்டு பேர், எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் வாங்கணும். 1998-ல் ஓய்வு பெற்ற ஹவில்தார், 2013-ல் ஓய்வு பெற்ற ஹவில்தாரைவிடக் குறைவாக ஏன் வாங்கணும்? இரண்டு பேரும் நின்றது ஒரே எல்லை, ஒரே குளிர்.

"மற்ற அரசு ஊழியருக்கு இல்லாத சலுகை இவங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பதில் இருக்கு. அரசு அலுவலர் அறுபது வயசு வரைக்கும் சம்பளம் வாங்குறார். சிப்பாயை முப்பத்தைந்து, நாற்பது வயசிலேயே வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. படைக்கு இளைஞர்கள் வேணும், அதனால அனுப்புறாங்க. அது அவர் கேட்டு வாங்கிய ஓய்வு இல்லை. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வயசுல அவருக்குச் சம்பளம் நின்னுடுது. ஊதியக் குழு ஒவ்வொன்றும் வரும்போது சீக்கிரமே வெளியே வந்தவருக்குத்தான் அடி அதிகம். அதனாலதான் இந்தக் கோரிக்கை.

1973-ல் மூன்றாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டித்தான், படைகளுக்கென்று தனியாக இருந்த ஓய்வூதிய முறை போனது. அப்போ ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். அதற்குப் பிறகு எத்தனை ஆட்சி, எத்தனை தேர்தல் அறிக்கை! 2011 டிசம்பரில் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பகத்சிங் கோஷியாரி தலைமையில், "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் கொடுங்கள்" என்று தெளிவாக அறிக்கை கொடுத்தது. எதிர்காலத்தில் ஓய்வூதியம் கூடினால், பழைய ஓய்வூதியர்களுக்கும் அது தானாகப் போய்ச் சேரணும் என்றது. அந்த அறிக்கை இரண்டு வருஷம் அலமாரியில கிடந்தது.

2013 செப்டம்பர் 15. ஹரியானா மாநிலம் ரேவாரியில் முன்னாள் படைவீரர்களின் பெரிய பேரணி. பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட கையோடு நரேந்திர மோடி அங்கேதான் வந்து இதைப் பற்றிப் பேசினார். உடனே காங்கிரசுக்கும் ஞானம் பிறந்தது. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப.சிதம்பரம், "கொள்கை அளவில் ஏற்கிறோம்" என்று சொல்லி 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். பத்து வருஷம் ஆட்சியில் இருந்துட்டு, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னாடி! ஆட்சி மாறியது. 2014 ஜூலை பட்ஜெட்டில் அருண் ஜெட்லி ஒதுக்கியது 1,000 கோடி. அப்புறம் ஒரு வருஷம் சத்தமே இல்லை.

2015 ஜூன் மாதம் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் தொடர் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஆகஸ்ட் 14 அன்று, பாதுகாப்புக் காரணம் சொல்லி அவங்களை அப்புறப்படுத்தக் காவல்துறை போனது. மெடல் குத்திய நெஞ்சோடு நின்ற முதியவர்களைப் பிடித்துத் தள்ளிய காட்சியை நாடே பார்த்தது. அடுத்த நாள் செங்கோட்டையில் கொடி ஏறியது.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 2015 செப்டம்பர் 5 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டது. 2014 ஜூலை 1 முதல் அமல். ஆனால் கோஷியாரி குழு சொன்ன மாதிரி தானாகக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் சரிசெய்வார்கள். நடுவில் ஓய்வு பெறுபவருக்கும் முன்பே ஓய்வு பெற்றவருக்கும் மறுபடி வித்தியாசம் வரும். பெயர் ஒரே ஓய்வூதியம், நடைமுறையில் அப்படி இல்லை.

1973-ல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 41 வருஷம். அதுவும் முழுசா இல்லை. முதல் கேள்வியில் இரண்டு பேருமே தேறவில்லை, தோழர்களே.

🔴 இரண்டாவது கேள்வி: தேதி

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்று எழுதியது அவங்களேதான். அப்போ 2019 ஜூலை 1-ல் ஓய்வூதியத்தைச் சரிசெய்திருக்கணும். செய்தாங்களா? இல்லை.

முன்னாள் படைவீரர்கள் உச்ச நீதிமன்றம் போனாங்க. 2022 மார்ச் 16 அன்று தீர்ப்பு வந்தது. திட்டத்தின் வடிவத்தில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால், "2019 ஜூலை 1-லிருந்து மறுநிர்ணயம் செய்து, மூன்று மாதத்தில் நிலுவையைக் கொடுங்கள்" என்று உத்தரவு போட்டது.

மூன்று மாதம் ஓடியது, பணம் வரலை. அவகாசம் கேட்டாங்க, கொடுத்தது. மறுபடி கேட்டாங்க, மறுபடி கொடுத்தது. 2022 டிசம்பர் கடைசியில்தான் அமைச்சரவை ஒப்புதல் வந்தது. நிலுவை மட்டும் 23,638 கோடி ரூபாய். பயனாளிகள் 25 லட்சத்துக்கும் மேல். சரி, இப்பவாவது வருதேன்னு பார்த்தால், 2023 ஜனவரி 20 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கடிதம் போட்டது: நிலுவையை நான்கு அரையாண்டுத் தவணைகளில் கொடுப்போம்!

நீதிமன்றம் மொத்தமாகக் கொடுக்கச் சொன்ன பணத்தை, அமைச்சகம் தன் இஷ்டத்துக்குத் தவணை போடுது. "சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது" என்று உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே அந்தக் கடிதம் வாபஸ். அதன் பிறகு சீலிட்ட உறையில் ஒரு குறிப்பைக் கொண்டுவந்து நீட்டினாங்க. அதையும் நீதிமன்றம் வாங்க மறுத்தது. 2023 மார்ச் 20 அன்று நீதிமன்றமே கால அட்டவணை போட்டுக் கொடுத்தது. குடும்ப ஓய்வூதியருக்கும் வீரப் பதக்கம் பெற்றவருக்கும் ஏப்ரல் 30-க்குள். எழுபது வயசு தாண்டியவருக்கு ஜூன் 30-க்குள். மற்றவர்களுக்கு மூன்று தவணையில், 2024 பிப்ரவரி 28-க்குள்.

யோசிச்சுப் பாருங்க. கணவரை இழந்த பெண்ணுக்கு முதலில் கொடு, எழுபது வயசுக்காரருக்கு அடுத்து கொடு என்று நீதிபதி எழுதித் தர வேண்டியிருக்கு. அந்த மனசாட்சி அமைச்சகத்துக்குத் தானாக வந்திருக்க வேண்டாமா? எழுபது வயசுக்காரருக்கு அரையாண்டுத் தவணை என்றால் என்ன அர்த்தம்? கடைசித் தவணை வரும்போது அவர் இருப்பாரா என்ற கேள்விகூட அந்தக் கோப்பை எழுதியவருக்கு வரலையா?

🔴 மூன்றாவது கேள்வி: மேல்முறையீடு

இதுதான் ரொம்ப வேதனையான பகுதி. மேடையில யாரும் பேசாத பகுதியும் இதுதான்.

பணியில் காயம் பட்டவருக்கும், பணியின் கடுமையால் நோய் வந்தவருக்கும் 'டிசெபிலிட்டி பென்ஷன்' உண்டு. இதைக் கேட்டால் வரும் வழக்கமான பதில்: "உங்க நோய்க்கும் ராணுவப் பணிக்கும் சம்பந்தம் இல்லை."

ஒரு உதாரணம். சிக்னல்ஸ் பிரிவில் 1985-ல் சேர்ந்த ஒரு சிப்பாய். சேரும்போது உடம்பில் எந்தக் குறையும் இல்லை என்று ராணுவ டாக்டர்களே எழுதித்தான் எடுத்தார்கள். ஒன்பது வருஷ சர்வீஸுக்குப் பிறகு வலிப்பு நோய் என்று 1994-ல் வெளியே அனுப்பிட்டாங்க. பென்ஷன் கேட்டார். "பணியால் வந்ததல்ல" என்று மறுத்தார்கள். வழக்கு நடந்தது, நடந்தது, 2013 வரைக்கும் நடந்தது. பத்தொன்பது வருஷம்! கடைசியில் உச்ச நீதிமன்றம் சொன்னது நம்ம பாட்டிகூடச் சொல்லக்கூடிய நியாயம்தான்: சேரும்போது நல்லா இருந்தவர் பணியில் நோயாளி ஆனால், அது பணியால் வந்தது என்றே கொள்ளணும். இல்லையென்றால் நிரூபிக்க வேண்டியது அரசு. சிப்பாய் அல்ல.

தீர்ப்பு வந்தாச்சு. 2014 டிசம்பரில், வயது முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் ஊன சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் பலன் உண்டு என்று இன்னொரு தீர்ப்பும் வந்தாச்சு. அரசு என்ன செய்திருக்கணும்? ஒரே ஒரு சுற்றறிக்கை, அதே நிலையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கொடுத்திருக்கலாம். செய்யலை. ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனியாக ஆயுதப்படைத் தீர்ப்பாயம் போகணும். அங்கே ஜெயித்தால் அரசு மேல்முறையீடு. வக்கீல் பீஸ் சிப்பாய்க்குத் தன் பென்ஷன் பணத்திலிருந்து. அரசு வக்கீலுக்கு பீஸ்? உங்க வரிப்பணம், என் வரிப்பணம். 2025-லும் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசின் இப்படிப்பட்ட மனுக்களைக் கொத்தாகத் தள்ளுபடி செய்தது. பன்னிரண்டு வருஷமா அதே பாடம், அதே மாணவன், அதே ஃபெயில்.

இது போதாதென்று 2019 ஜூன் மாதம் வருமான வரித்துறையின் சுற்றறிக்கை: ஊனத்தால் பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு மட்டுமே வரிவிலக்கு; ஊனத்தோடும் பணியைத் தொடர்ந்து முடித்து ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. அதாவது, காயத்தோடு வீட்டுக்குப் போகாமல் கடைசி வரை நாட்டுக்கு உழைத்தவருக்குத் தண்டனை. 2023 செப்டம்பரில் விதிகளையே மாற்றி, எது பணியால் வந்த பாதிப்பு என்பதை மேலும் இறுக்கினார்கள். தப்பாகக் கேட்டு வாங்குபவர் ஒரு சிலர் இருக்கலாம். அவர்களைப் பிடியுங்கள், நாங்களும் ஆதரிக்கிறோம். ஒரு சிலருக்காக எல்லாச் சிப்பாயையும் சந்தேகக் கேஸாக நடத்துவது என்ன தேசபக்தி?

🔴 நல்லது செய்தவரைச் சொல்லாமல் விடமாட்டோம்

நமக்கு எதிர் முகாமாக இருந்தாலும் நியாயத்தைப் பேசுவோம். மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, "சொந்த வீரர்கள் மீதே இத்தனை வழக்கா?" என்ற கேள்விக்கு விடை காண 2015-ல் ஒரு நிபுணர் குழு அமைத்தார். தேவையில்லாத மேல்முறையீடுகளை நிறுத்தச் சொல்லி அந்தக் குழு விரிவான அறிக்கை கொடுத்தது. குரல் கொடுப்பது என்றால் இதுதான். மாலை வாங்காத, கேமரா வராத வேலை. கோஷியாரி குழு செய்ததும் அதேதான். ஆனா பாருங்க, அவங்க சொந்தக் கட்சி ஆட்சியே அந்த இரண்டு அறிக்கையையும் முழுசா நடைமுறைப்படுத்தலை. பதவியில் இருப்பவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஆயிரக்கணக்கான வழக்கு முடியும். அந்தக் கையெழுத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

🔴 நம்ம ஊருக்கு வருவோம்

இதெல்லாம் டெல்லிக் கதை என்று நினைக்காதீங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கு. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை மக்கள் 'ராணுவப்பேட்டை' என்றே கூப்பிடுறாங்க. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். தென் மாவட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் எத்தனை!

அந்த ஊர்களில் போய்க் கேளுங்க. 2021-ல் 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளத்துக்கு ஓய்வூதியத்தை மாற்றினாங்க. வங்கி மேனேஜரைப் பார்த்து விசாரித்துப் பழகியவர் கையில் ஒரு நாள் பாஸ்வேர்டைக் கொடுத்தாங்க. பழைய ஆவணத்தில் மனைவி பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தலைவலிதான். 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம், வருடாந்திர லைஃப் சர்டிபிகேட் பதிவாகவில்லை என்று 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நின்றது. சத்தம் கிளம்பிய பிறகுதான் ஒரு முறை விலக்கு கொடுத்துப் பணம் போட்டாங்க. உயிரோடு இருப்பவர் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் வரை வீட்டில் அடுப்பு எரியக் கூடாதா?

அடுத்து அக்னிபத். 2022 ஜூன் 14 அன்று அறிவித்தாங்க. நான்கு வருஷம் பணி, நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும். மீதிப் பேர் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு. அதிலும் ஒரு பகுதி அவங்க சம்பளத்திலேயே பிடித்த பணம். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியே கிடையாது. துணை ராணுவத்தில் ஒதுக்கீடு இருக்கே என்பாங்க. ஒதுக்கீடு என்பது போட்டி போட ஒரு வரிசை, வேலைக்கான உத்தரவாதம் இல்லை. ஓய்வூதியம் கேட்டுப் போராடுபவர்களின் பிரச்சினையைத் தீர்க்கும் வழி, இனிமேல் ஓய்வூதியக்காரரே இல்லாமல் செய்வதுதான் என்று முடிவு பண்ணிட்டாங்க போல. கம்மவான்பேட்டையில் அப்பா பென்ஷன் வாங்குறார். அதே எல்லையில் நின்ற மகன், இருபத்தைந்து வயசுல வேலை தேடணும்.

🔴 நம் கோரிக்கைகள்

1. கோஷியாரி குழு சொன்ன பொருளில், ஐந்து ஆண்டு இடைவெளி இல்லாத ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்.
2. உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்ட விஷயத்தில் எந்தச் சிப்பாய் மீதும் அரசு மேல்முறையீடு போகக் கூடாது. போனால், அனுமதி கொடுத்த அதிகாரியின் பெயர் கோப்பில் பதிவாகணும்.
3. லைஃப் சர்டிபிகேட் தாமதம் என்பதற்காக, முன்னறிவிப்பும் நேரடி விசாரணையும் இல்லாமல் ஓய்வூதியத்தை நிறுத்தக் கூடாது.
4. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு நிலுவையை உரிய நேரத்தில் கொடுங்கள். அரசு பாக்கி வைத்தால், "இங்கே அட்மிஷன் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படுவது எழுபது வயசு சுபேதார்தான்.
5. அக்னிவீரர் ஒவ்வொருவருக்கும் முன்னாள் படைவீரர் தகுதி.

🔴 நீங்க செய்ய வேண்டியது

தோழர்களே, பகிர்ந்துட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. கிளை தோறும் இரண்டு பேர் பொறுப்பெடுங்க. உங்க ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள், அவர்களின் துணைவியர் பட்டியல் எடுங்க. முகப் பதிவு மூலம் மொபைலிலேயே லைஃப் சர்டிபிகேட் போட முடியும். உட்கார்ந்து போட்டுக் கொடுங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணைக்குப் போங்க. கலெக்டர் நடத்தும் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனுவுக்கு ரசீது வாங்கிக் கொடுங்க. ஒரு விஷயம் கண்டிப்பா: உதவி செய்யும்போது போட்டோ எடுக்காதீங்க. கட்சிக் கொடியும் வேண்டாம். அவர் நமக்கு ஓட்டுப் போடுறாரா என்பது அவர் விருப்பம்.

கடைசியா ஒன்று. அந்த மூணு கேள்வியும் மற்றவர்களுக்கு மட்டும் இல்லை. நாளைக்கு நம் கட்சிக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், அவர் சல்யூட் அடிக்கும் போட்டோவை லைக் பண்ணாதீங்க. பணம் ஒதுக்கினீங்களா, தேதியில் கொடுத்தீங்களா, மேல்முறையீடு போனீங்களா என்று இதே பக்கத்தில் கமெண்ட்டில் வந்து கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது அவர் கடமை.

உங்க ஊரில் ஓய்வூதியம் நின்று கஷ்டப்படும் முன்னாள் படைவீரர் இருந்தால் உங்க மாவட்டப் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்க. அவர்களின் பெயர், எண் எதையும் கமெண்ட்டில் போட வேண்டாம்.

பகிருங்கள். பேசுங்கள். வீட்டுக்கு வீடு கொண்டு போங்கள்.

#முன்னாள்படைவீரர்உரிமை
#ஒரேபதவிஒரேஓய்வூதியம்
#மேல்முறையீட்டைநிறுத்து